சனிக்கிழமை தபால் வராது என்று நம்பினோம்

சோடா உப்புப் போட்ட வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கேறிய காக்கி உடுப்பு வேகும் வாசனைதான், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குச் சனிக்கிழமை. அப்பாவின் தொழிற்சாலைக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை; சங்கு ஊதாது; ஊதாத நாளில் உலகத்தில் எவனும் வேலை பார்ப்பதில்லை என்றே எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் நம்பின. "சங்கு இல்லன்னா லீவு" என்பார் அப்பா.

பிள்ளைகளே, என் அக்கா, அதாவது உங்கள் ஸ்டெல்லா அத்தை, அப்போது நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்காணல் கடிதம் பத்து வேலை நாட்களுக்குள் பதிவுத் தபாலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா காலண்டரை இறக்கி வைத்து, சனி ஞாயிறுகளைப் பென்சிலால் அடித்துவிட்டு எண்ணினார். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, தபால் வரவில்லை. இனித் திங்கள்தான் என்று முடிவு கட்டி, மறுநாள் எல்லோரையும் பட்டாபிராமில் இருந்த சித்தி வீட்டுக்குக் கிளப்பினார்.

"நான் வேணா ஊட்லயே இருக்கேன்பா" என்றாள் அக்கா.

"சனிக்கெழம எவன் தபால் தருவான்? கெளம்பு."

சாயங்காலம் திரும்பி வந்தால் கதவிடுக்கில் ஒரு சீட்டு: பதிவுத் தபால் வந்தது, வீடு பூட்டியிருந்தது. அப்பா அஞ்சலகத்துக்கு ஓடினார், அதற்குள் மூடிவிட்டார்கள். மறுநாள் பூசை முடிந்து வரும்போது தபால்காரரைச் சந்தையில் மடக்கினோம்.

"இன்னா சார், உங்க ஃபேக்டரிக்கு லீவுன்னா ஊருக்கே லீவா? சனிக்கெழம எங்களுக்கு டூட்டி. இன்னிக்குதான் கெடையாது."

"ஒரே ஒரு லெட்டர்பா, எடுத்துக் குடுத்துடேன்."

"ஆபீஸ் பூட்டிக் கீது சார். சாவி இன்னா என் இடுப்புலயா தொங்குது?"

திங்களன்று கதவு திறந்ததும் முதல் ஆளாக நின்று வாங்கினோம். நேர்காணல் அன்றைக்கேதான், காலை ஒன்பது மணிக்கு, வேலூரில். நாங்கள் உறையைப் பிரிக்கும்போது மணி பத்தே கால். அக்கா அழவில்லை. "நான் இருக்கேன்னு சொன்னேனேப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அடுத்த வருடமும் மனுப் போட்டாள், அழைப்பே வரவில்லை. பிறகு அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து, கண் மங்கும்வரை சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள்.

இப்போது நம் வீட்டு மேரியின் சான்றிதழ் "மூன்று வேலை நாட்களில்" பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும் என்று போனில் செய்தி வந்திருக்கிறது. சனிக்கிழமை அதில் சேர்த்தியா இல்லையா என்று கேட்கக் கூப்பிட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் அலைக்கழித்துவிட்டு, கடைசியில் அதே மூன்று வேலை நாட்களைத்தான் திருப்பிச் சொல்கிறது. யாருக்கு வேலை நாள் அம்மா அது? அன்றைக்குச் சண்டை போடவாவது எதிரில் ஓர் ஆள் நின்றார்; அவர் திட்டினாலும் பதில் என்று ஒன்று கிடைத்தது. இப்போது அப்படிக் கேட்க எதிரில் ஓர் ஆளே இல்லை.

அதனால், இந்தச் சனிக்கிழமை எங்கேயும் என்னைக் கூப்பிடாதீர்கள். கதவண்டை நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன்.