லாகின் பெட்டிக்குக் காவலிருந்த அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் மட்டும் வாட்ச்மேன் அக்கா. அந்தப் பெயரை வைத்தவன் எவனோ, அவன் நாக்கில் சூடு போட வேண்டும். ஆனால் பெயர் பொருந்தித்தான் தொலைத்தது.

விஷயம் இதுதான். ஒரு மருந்துக் கம்பெனிக்கு நாங்கள் வலைத்தளம் செய்துகொண்டிருந்தோம். வேலை முடியும்வரை வெளியாள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தளத்துக்கு ஒரு பூட்டு. திறக்கப் போனால் பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டி, பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கும். தளத்தில் உள்ள பட்டன்களையெல்லாம் தானாகவே அழுத்திச் சோதிக்க நான் புரோகிராம் எழுதியிருந்தேன். இந்தப் பெட்டி மட்டும் தளத்தில் சேர்த்தி இல்லை, பிரவுசரின் சொந்தச் சரக்கு. என் புரோகிராமின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. திருதிருவென்று முழித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் பிரவுசர் புதிதாகத் திறக்கும், ஒவ்வொரு தடவையும் பெட்டி வரும். தட்டிவிட ஓர் ஆள் வேண்டும். சோதனை ஓடுவது மாலையில்தான். எல்லாரும் பையைத் தூக்கும்போது அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. வார்த்தைதான் வரவில்லை. ஐந்தரை மணிக்குப் பேச்சுப் பயிற்சி. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆனால் வீட்டு ஆள் ஒருவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும் என்பதில் பயிற்சி கொடுக்கும் அம்மா கறார். அக்கா போக முடியாத நாளெல்லாம் பயிற்சி நடக்கவில்லை, தாமதமாய்ப் போன நாளில் பாதிதான் நடந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவேன்மா. காத்துட்டிருக்கறவங்க நிறைய பேர்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

அக்கா மேனேஜரிடம் போய் நின்றார். "சும்மா உக்காந்து தட்டறதுதானேக்கா, அதுக்குமா லீவு?" என்றார் அந்த மகராசன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே இன்னொரு புரோகிராம் எழுதினேன். பெட்டி வரும் நேரம் பார்த்து அது தானே கீபோர்டைத் தட்டும். பெயர், பாஸ்வேர்ட், என்டர். முதல் நாள் எல்லாம் ஜோராக ஓடியது. அக்கா ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள்தான் வினை. அந்தப் புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு தட்டும், முன்னால் எந்த விண்டோ இருக்கிறதோ அதில் தட்டும். வாடிக்கையாளரும் நாங்களும் இருக்கிற சாட் குழு, நேரம் பார்த்து முன்னால் வந்து நின்றிருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் குழுவில் போய் விழுந்தன, சோதனைக்கு ஒரு தடவையாக, வரிசையாக. பாஸ்வேர்டை வைத்தவர் மேனேஜர். 'ஓயாத்தொல்லை'. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார். அவர் நினைத்தது தப்பும் இல்லை.

மேனேஜர் குதி குதியென்று குதித்தார். "இனிமே மெஷின் தட்டற கதையே வேணாம். அக்கா, நீங்களே உக்காந்து தட்டுங்க."

அடுத்த பயிற்சி மறுநாள். "போச்சு" என்றார் அக்கா. அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கேட்டார்.

"அந்தப் பெட்டி எதுக்குத்தான் வருது?"

"நீ யாருன்னு சர்வர் கேக்குதுக்கா. பிரவுசருக்குப் பதில் தெரியாது, அதான் பெட்டியத் திறந்து நம்மகிட்ட கேக்குது."

"அது கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா?"

"அட!" என்றேன். வாயில் இருந்ததை முழுசாக விழுங்காமல் எழுந்து ஓடினேன். பிரவுசர் தளத்தைக் கேட்கும்போதே பெயரையும் பாஸ்வேர்டையும் கூடவே அனுப்பிவிட்டால் முடிந்தது. யாரும் எதையும் தட்ட வேண்டாம். ஓட்டிப் பார்த்தோம். பெட்டி தலைகாட்டவே இல்லை.

"தட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. தட்டலை சார்" என்று மேனேஜரிடம் காட்டினேன். என்னை முறைத்தார், திரையை முறைத்தார், "சரி, கிளம்புங்க" என்றார்.

என் வண்டியிலேயே அக்காவைக் கூட்டிப் போனேன். குறுகலான அறை. மேசையில் படம் போட்ட அட்டைகள். அக்காவின் கணவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் ஓர் அட்டையைத் தூக்கி, "இது என்ன?" என்றார்.

"சீப்பு" என்றார் அக்கா.

அடுத்த அட்டை. "சாவி" என்றார் அக்கா.

பயிற்சியாளர் அட்டைகளைக் கீழே வைத்தார். "ஏம்மா, அவர் வாயத் திறக்கறதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா அவர் எதுக்குத் திறக்கணும்?"

"கஷ்டப்படறாரேன்னுதான்..." அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"கஷ்டப்படட்டும். நீங்க பேசாம இருங்க."

அப்புறம் அவரைப் பார்த்து, அக்காவைக் கைகாட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

அவர் உதடு அசைந்தது, நின்றது. அக்கா கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே நாக்கு துறுதுறுத்தது, சொல்லித் தொலைத்துவிடலாமா என்று. பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. வாயை மட்டும் திறக்கவில்லை.

"லே..." என்றார் அவர். மூச்சு வாங்கியது. "லேட்டு."

பயிற்சியாளருக்குப் புரியவில்லை. "யாரு?"

அவர் விரலை நீட்டி அக்காவைக் காட்டினார். "எப்பவும்... லேட்டு."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான். கணவரின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க, லேட்டுதான்" என்றார். "இன்னொரு தடவை திட்டுங்க."