கொழும்பில் காய்ந்த சேலை

மதராசுக்குப் படிக்கப் போகும் வழியில், கொழும்பு விமான நிலையத்தில் நானும் அதே விமானத்தில் வந்த ஒரு அம்மாவும் பகல் முழுக்கக் காத்திருந்தோம். எங்கள் ஊரான புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் அந்த அம்மா, குழம்பு கொட்டிய பச்சைச் சேலையை மாற்றி, அலசிக்கொண்டு வந்தார். முகர்ந்து முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்த முனையப் புடி."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும் லா. தோட்டத்து லயத்து வீடுங்கள்ல இப்படித்தான் காய வைப்போம். நான் கைக்கொழந்தையா இருக்கையில ஊருக்குப் போன அக்கா, நான் இந்தச் சேல கட்டி எடுத்து அனுப்புன போட்டோவ வச்சுத்தான் என்னயத் தேடும்."

கண்ணாடிச் சுவரோர வெயிலில் ஆளுக்கொரு முனை பிடித்து நின்றோம். சேலையினூடே பச்சை விமானங்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கின. காய்ந்ததும் அதையே உடுத்திக்கொண்டார்.

மதராசில் கூட்டத்திலிருந்து, "பச்சைச் சேல! அதோ!" என்றொரு குரல் கேட்டது. ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுத அந்த அக்கா, தோட்டத்து வேலையில் சுருங்கிப்போன இந்த அம்மாவைவிடப் பல வயது இளையவராகத் தெரிந்தார்.