குப்பூஸ் அடுப்பும் மூன்று மாத மாத்திரையும்

எங்கள் கூத்தாநல்லூரில் வெளிநாட்டுப் பிழைப்பைச் சபர் என்பார்கள். நான் சபர் போனது வளைகுடாவில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு. குப்பூஸ் ரொட்டி வெந்து விழும் அடுப்பின் வாய் சரியாக என் இடுப்பு உயரத்தில் இருக்கும். தினமும் பத்து மணி நேரம் அதன் முன்னால் நிற்பேன். இடைவேளை கிடைத்தால் வெளியே போய் சிகரெட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நான் மனைவியோடு இருந்தது ஏழு மாதம்கூடத் தேறாது.

குழந்தை இல்லை. இல்லையென்றால் எங்கள் பக்கம் பெண்ணைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். ஆண்தான் சபரில் இருக்கிறானே, அவனை எங்கே போய்த் தேடுவது? என் அம்மா அவளைத் தஞ்சாவூர், நீடாமங்கலம் என்று இழுத்துக்கொண்டு அலைந்தார். என் பங்குக்கு நான் குங்குமப்பூவும் பிஸ்தாவும் பேரீச்சையும் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் வருட லீவில், தஞ்சாவூர் டாக்டரம்மா ஒருவர் அவளுடைய ஃபைலை மூடிவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். எடுத்தேன். விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவு. இருந்தவையும் சோம்பிக் கிடந்தன.

"அடுப்புச் சூடு, சிகரெட் எல்லாம் சேர்ந்து, இரும்புல துரு ஏறுற மாதிரி அணுவை உள்ளுக்குள்ள கெடுக்குதுங்க. அதைத் தடுக்கத்தான் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை. உதவலாம், உறுதி சொல்ல மாட்டேன். சூட்டையும் சிகரெட்டையும் நீங்கதான் விடணும். புது அணு உருவாகி வர மூணு மாசம் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு லீவு பாக்கி பதினெட்டு நாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அம்மாட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைத்து என்னோடு விமானம் ஏற்றிவிட்டேன்.

அங்கே கெஞ்சிக் கூத்தாடி பேக்கிங் பிரிவுக்கு மாறினேன். சிகரெட்டை விட்டேன். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நான்காம் மாதம் டெஸ்ட் எடுத்தபோது எல்லாம் சரியான அளவுக்கு வந்திருந்தது. யாருக்கு என்ன பிரயோசனம்? அடுத்த லீவுக்கு இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தது. நினைக்கவே அலுப்பாக இருந்தது. இருந்தாலும் போன் கார்டைச் சுரண்டி அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷங்க" என்றாள். பிறகு, "நாளைக்கு அம்மா என்னை வலங்கைமான்ல ஒரு வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போறாங்க. என் உடம்புல என்ன குறைன்னு பாக்கணுமாம்" என்றாள்.

"போனை அம்மாட்ட கொடு."

அம்மா வாங்கினார். "தம்பி, நல்லாருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேம்மா" என்றேன். ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா அவளை வலங்கைமானுக்குக் கூட்டிப்போனார்.