பெட்ஷீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்

புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியதிலிருந்து அக்காவின் கணவர் போன் செய்தாலே அதைப் பற்றித்தான் பேச்சு. பழையதில் பாட்டு மட்டும் கேட்டதாம், புதியதில் பாடுகிற பெண்ணே ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். நான் நம்பவில்லை. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, நடுவில் ஒரு பெட்டி மாறினால் என்ன ஆகிவிடும்? கடையில் இவர் தலையில் நன்றாகக் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"நேர்ல வந்து கேளு மச்சான், அப்பால பேசு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்து மாமல்லபுரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் என் திட்டத்தைச் சொன்னேன். இரண்டு பெட்டியையும் பெட்ஷீட் கட்டி மறைத்துவிடுவது. அக்கா பின்னால் நின்று ஒயரை மாற்றி மாற்றிக் கொடுப்பாள். எது புதியது என்று மாமா சொல்ல வேண்டும்; சரியா தப்பா என்று அக்கா சொல்வாள்.

"தாராளமா" என்று அவர் சோபாவில் சாய்ந்துகொண்டார்.

ஒன்றுகூடத் தப்பவில்லை. பாட்டு தொடங்கிய வேகத்தில் "புதுசு", "இது பழசு" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு முதலில் அக்கா மேல்தான் சந்தேகம். வளையல் சத்தத்தில் ஏதாவது சாடை காட்டுகிறாளோ? கழற்றச் சொன்னேன்.

"இன்னாடா, என்னையே சந்தேகப்படறியா?" என்று முறைத்தபடி கழற்றி வைத்தாள். அப்போதும் அவர் சரியாகவே சொன்னார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. புதியது கொஞ்சம் சத்தமாகப் பாடியது. போனில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, சோபாவில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே அளவு காட்டும்வரை புதியதின் வால்யூமைக் குறைத்தேன்.

அதற்கப்புறம் மாமா தடுமாற ஆரம்பித்தார். பழையதைப் புதுசு என்றார். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருவாட்டி போடு" என்றார். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் நானும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக வந்ததில் வயலின் தனியாகப் பிரிந்து, அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இது புதியதேதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

அக்கா பெட்ஷீட்டை விலக்கிச் சிரித்தாள். "நான் ஒயரைத் தொட்டே ரொம்ப நேரம் ஆவுது. கை வலிச்சிச்சு, சும்மா பெட்ஷீட்டை ஆட்டிகினு இருந்தேன். இவ்ளோ நேரம் பாடினது பழசுதான்."

மாமா என்னைப் பார்த்தார். "அப்போ உன் காதும் அப்படித்தானா?"

அந்த வயலினை நான் கேட்டது நிஜம். அதற்கு முன் அதே பாட்டு ஓடியபோது அது அப்படிக் கேட்கவில்லை என்பதும் நிஜம்.

"திருப்பிக் குடுத்துடலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வாணாம்" என்று அவர் எழுந்து புதியதில் ஒயரை மாட்டி, வால்யூமைப் பழையபடி ஏற்றினார். நன்றாகத்தான் இருந்தது. சத்தத்தினாலா, பெட்டியினாலா, இல்லை அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்பதைப் பார்த்ததாலா என்று யோசித்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.