ஆடி கழியட்டும் என்றேன்

சிட்னியில் லிட்கம் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று ஆண்கள் இருந்தோம். மற்ற இருவருக்கும் பின்னேர வேலை. எனக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை என்பதால் ஒன்றரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆறிப்போன சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவேன். இரண்டு மணிக்குக் கன்பராவிலிருந்து பாராளுமன்றக் கேள்வி நேரம் தொடங்கும். முப்பத்திரண்டு வயதில் படம் பார்க்காமல் பாராளுமன்றம் பார்த்துக்கொண்டிருந்தவன் சிட்னியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விளங்கித்தான் பார்த்தேன் என்றால் பொய். பாதிக்கு மேல் புரியாது. சந்தையில்கூட அப்படியொரு கூச்சலை நான் கேட்டதில்லை. ஆனால் ஏதாவது ஒரு கட்டத்தில் படகுகளைப் பற்றிய பேச்சு வந்துவிடும். அப்போது சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். இரண்டு பக்கமும் விரலை நீட்டி நீட்டிச் சண்டை பிடிக்கிற அந்தப் படகுகளில் ஒன்றில் நானும் இருந்தேன். நாள் முழுக்க என்னோடு பேச ஒருவர் இல்லை, என்னைப் பற்றிப் பேச ஒரு பாராளுமன்றமே இருந்தது. உள்ளதைச் சொன்னால், தனிமை தாங்காமல்தான் அதைப் பார்த்தேன்.

இந்த நாட்டு அரசியலில் எனக்கு ஒரு மயக்கமும் இருந்தது. நான் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் ஒரு பிரதமரை அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே இரவோடிரவாக இறக்கிவிட்டு ஒரு பெண்ணை ஏற்றினார்கள். ஊரடங்கு இல்லை, ஒரு வெடிச்சத்தம் இல்லை. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு செய்தி பார்த்தோம். எங்கள் காவலாளியோ காற்பந்தில் யார் வென்றது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். தலைவர்கள் போவார்கள், வருவார்கள், சட்டம் அதுபாட்டுக்கு இருக்கும் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். என் மடத்தனம் அங்கேதான் தொடங்கியது.

எனக்கு விசா கிடைத்தபோது மனைவியும் மகளும் இலங்கையை விட்டுத் தப்பித் திருச்சியில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். நான் படகேறியபோது பிள்ளைக்குப் பத்து மாதம். அவளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும் ஒரு குரல். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு அப்போது ஒரு வழி இருந்தது. அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவி பிள்ளைக்காக ஒரு படிவம் நிரப்பிக் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கொடுக்கலாம். பரமட்டாவில் சம்பளம் வாங்காமல் எங்களுக்கு உதவிய ஒரு சட்டத்தரணி அக்காதான் எல்லாவற்றையும் எழுதினா. சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவ. கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தா.

"இதிலை ஒரு சைன் வையுங்கோ. இண்டைக்கே போஸ்ட் பண்ணிவிடுறன்."

"ஆடி கழியட்டும் அக்கா," என்றேன்.

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "தம்பி, கன்பராவுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. ரூல்ஸ் மாறப்போகுது எண்டு கதை அடிபடுது. சொல்லுறதைக் கேளுங்கோ."

நான் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் குடி முழுகிப் போய்விடாது என்று நினைத்தேன். ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்று அவவுக்குச் சொல்லவும் இல்லை. எங்கள் கலியாணம் ஆடியில்தான் நடந்தது. சண்டை கிட்டக் கிட்ட வர, கலியாணமாகாமல் இருப்பது ஆபத்து என்று வன்னியில் நாள் பார்க்காமல் தாலி கட்டினோம். அதற்குப் பிறகு எங்களுக்கு என்னதான் விளங்கியது? மூன்றாம் கிழமை இடம்பெயர்ந்தோம். அப்பா செத்தார். முகாம், கடல், மறுபடியும் முகாம். எல்லாவற்றுக்கும் அந்த மாதத்தின் தலையில்தான் பழியைப் போட்டு வைத்திருந்தேன். ஒருவரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்தான்.

அந்த ஞாயிறு போனில் அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, படிவம் போட்டாச்சோ? நாளைக் கீளைப் பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ."

கிழமையில் எங்களுக்குக் கிடைப்பது அந்த அரை மணித்தியாலம். அதைச் சண்டையில் கழிக்க எனக்கு மனமில்லை. "ஓம், போட்டாச்சு," என்றேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆடி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. வேலையால் வந்து தொலைக்காட்சியைப் போட்டால், படகுகளைத் தடுக்க வழி சொல்லப் பிரதமர் அமர்த்திய மூன்று பேர் குழுவின் அறிக்கை வெளிவந்திருந்தது. படகில் வந்தவர்கள் குடும்பத்தைக் கூப்பிடும் வழியை அடைக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். கை கழுவாமல் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "இது இனித்தான் சட்டமாகவேணும். நாளைக்கே வந்து சைன் வையுங்கோ," என்றா. ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு புத்தி வேறு பக்கம் போயிற்று. இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, கெட்ட மாதத்தின் கடைசியில் போய் ஏன் கையெழுத்து வைக்கவேணும், நாலு நாள்தானே. விநாசகாலே விபரீத புத்தி என்று சும்மாவா சொன்னார்கள். ஆவணி பிறந்து, கலண்டரில் நல்ல நேரம் பார்த்து, முழுகி, திருநீறு பூசிக்கொண்டு பரமட்டாவுக்கு ரயிலேறினேன். அக்கா கடைசிப் பக்கத்தை மறுபடியும் என் பக்கம் திருப்பி வைத்தா.

சில கிழமைகளில் விதி மாறியது. படகில் வந்தவர்களுக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள். முடிவாகாமல் கிடந்த விண்ணப்பங்களுக்கும் அதுதான் விதி; எங்களுடையது எங்கேயோ ஒரு அடுக்கில் கிடந்தது. மறுவருடம் பிரதமர் அம்மாவையும் கட்சிக்காரர் இறக்கினார்கள், பழையவரே திரும்பி வந்தார். வீட்டில் மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தலைவரும் முந்தினவரைவிடத் தான் இறுக்கமானவர் என்று காட்ட எங்கள் தலையில்தான் கை வைத்தார்கள். பிறகு தேர்தல் வந்தது. எனக்கு வாக்கு இல்லை. ஆனாலும் வேலைக்குப் போகிற வழியில் ஒட்டியிருந்த முகங்களை நின்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

தேர்தலுக்குச் சில நாள் முந்தித் திருச்சிக்குக் கடிதம் போனது. மறுப்பு. அக்காவிடம் ஓடினேன். "ஆடியிலேயே குடுத்திருந்தால் சரிவந்திருக்குமோ?" என்று கேட்டேன். "தெரியாது தம்பி. முந்திக் குடுத்த ஆக்களுக்கும் எல்லாருக்கும் சரிவரேல்லை," என்றா. பிழை முழுக்க என்னுடையது என்று அவ திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு வந்தது. மனைவிக்குச் சொல்வதற்கு எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். குழு அறிக்கை, விதி மாற்றம், பிரதமர்கள், இனி வேறு பிரிவில் எப்படிப் போடலாம் என்பது வரை. பாராளுமன்றத்தில் எழும்பி நின்று விளக்கம் சொல்வதுபோல் கதைத்துக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வாடகை வீட்டுக்காரரின்ர மகள் கடிதத்தை வாசிச்சுச் சொன்னவள். எங்கட விண்ணப்பம் அவையளுக்குக் கிடைச்ச திகதி போட்டிருக்காம். நீங்கள் போட்டாச்சு எண்டு சொல்லி எவ்வளவோ நாளுக்குப் பிறகு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் கலண்டரிலை பார்த்தனான், ஆவணி பிறந்த உடனை. ஆடி கழியட்டும் எண்டோ பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். ஒரு வருடத்தைப் பாழாக்கினீர்கள் என்று கேட்டிருந்தால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப, என்னைக் கட்டினதாலைதான் இவ்வளவும் வந்தது எண்டு இத்தனை வருசமும் நினைச்சுக்கொண்டிருந்தனீங்களோ?"

"சீச்சீ, இல்லையப்பா," என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் சொன்னேன்.

"சரி. சாப்பிடுங்கோ," என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைதான் போனை எடுத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அவள்தான். மூன்றாம் ஞாயிறு, "அம்மா எங்கையம்மா?" என்று கேட்டேன்.

"பக்கத்திலைதான் இருக்கிறா," என்றாள் பிள்ளை. "கதைக்க மாட்டாவாம்."