கொல்லிமலை மொளகும் ரெண்டு தேசத்துச் சண்டையும்

நம்ப மாட்டேங்கறீங்க. எங்கியோ ரெண்டு தேசம் மொறச்சுக்கிட்டா நம்ம மலை மொளகுக்கு என்னாகும்னு கேக்கறீங்க. மொளகு யாவாரம்னா வெயிலையும் பாக்கோணும், வெளிநாட்டையும் பாக்கோணும். என்னாட்டம் வாங்கி வித்துக் கஷ்டப்பட்டவங்களுக்குத் தெரியுமுங்க.

செம்மேட்டுச் சந்தையில

எங்க மலையில ஆலத்தூர் நாட்டுப் பாப்பாத்தி போன வருசம் சித்திரையில ரெண்டு மூட்டை கொண்டாந்தா. ஆடிக்குள்ள பணம் கட்டி மவளை நர்சு படிப்புல சேக்கோணும். நான் ஒரு கை அள்ளித் தண்ணியில போட்டேன். ஒண்ணுகூட மெதக்கல, அத்தனையும் கெட்டி மொளகு. ஆனாலும் போன வாரத்து வெலை இல்லைன்னேன். அந்தச் சண்டையில, நம்ம சரக்கு போற தேசத்துல வெளிச் சரக்குக்கெல்லாம் புதுசா வரி போட்டுட்டாங்க. வெலை ஏறட்டும், வெச்சிருக்கேன்னு அவ சொன்னா. நானும் சரின்னு தலையாட்டுனேன். மூட்டையக் கட்டிக்கிட்டே கேட்டா: "ஏனுங்க ஆயா, சண்டை போட்டது அவங்க, அவராதம் எனக்குங்களா?"

மண்டிக்காரர் போன்ல

ராசிபுரத்து மண்டிக்காரருக்குப் போன் போட்டேன். சண்டை போடற தேசங்க ஒருத்தரு சரக்கை ஒருத்தரு வாங்காததால, அங்க விக்க வேண்டிய மொளகெல்லாம் இங்க வந்து குமியுதாம்.

எங்கூர்லயும் இப்பிடித்தான், அண்ணன் தம்பி ரெண்டு பேரு வழக்காகி, ஊரு பொழங்கற தடத்துல வேலி போட்டுட்டாங்க. பேசாம இருந்தது அவங்க ரெண்டு பேரு. தண்ணிக்கொடத்தோட மேடு சுத்துனது ஊரே. எங்க உட்டேன்? ஆங், மண்டிக்காரர். வேறொரு தேசத்துல கேக்கறாங்களாமே, அங்க அனுப்பலாமில்லன்னேன். "வாங்க ஆளு தயார்தானுங்க ஆயா, அந்தூர் பேங்குல இருந்து பணம் வர்ற தடத்தைத்தான் இந்தச் சண்டையில அடச்சுட்டாங்க."

அடுப்புக்கு மேல

மழையும் மூடுபனியும் எறங்குச்சு. மொளகுல பூசணம் புடிச்சுருமேன்னு, ராகி மூட்டை வெக்கற மாதிரி பாப்பாத்தி அடுப்புக்கு மேல பரண்ல ஏத்திட்டா. ராகிக்குப் பொகை நல்லது, பூச்சி அண்டாது. மொளகு பொகையக் குடிச்சுப்போடுச்சு. மண்டியில மோந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க.

எங்கூட்டு வாசல்ல மூட்டை மேலயே உக்காந்திருந்தா. எனக்கு மனசு கேக்கல. அன்னைக்குத் தலையாட்டுனவ நான்தானுங்களே. ஒரு பையில அள்ளிக்கிட்டு அவளோட பஸ் ஏறி முள்ளுக்குறிச்சி போனேன். அங்க ரசப்பொடி அரைச்சு விக்கற அம்மா, அந்த மொளகைத் தட்டிப் போட்டு ரசம் வெச்சு, ரெண்டு டம்ளர் குடிச்சுட்டுச் சொன்னாங்க: "இந்தப் பொகை வாசத்துக்கு எந்தத் தேசமும் வரி போடலையில்ல, ரெண்டு மூட்டையும் மலையில இருந்து எறக்குங்க."

முழு வெலை வரலீங்க, ஆனா புள்ளை நர்சு படிப்புல சேந்துருச்சு. இந்த வருசம் பாப்பாத்தி மொளகு எங்கூட்டு வாசல்லதான் காயுது. பெரிய தேசங்க வேலி போட்டா, கொடத்தோட மேடு சுத்தறது நாமதானுங்க.

பாப்பாத்தி, மேகம் எறங்குது பாரு, பாயோட மொளகை உள்ள கொண்டா கண்ணு, அடுப்பங்கரைக்கு மட்டும் வேண்டாம்.