பதினான்கு பேருக்கு ஒரே வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெட்ராஸுக்கு டிவி வந்த புதிதில் எனக்கு இருந்ததெல்லாம் கோபம் இல்லை, பயம். எங்கள் எழுத்தாளர் வட்டத்தை மூடிவிடுவார்களோ என்ற பயம். மாதத்துக்கு ஒரு கூட்டம், அதுவும் இரண்டு மணி நேரம், அது நின்றால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முழுகித்தான் போகும்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. மயிலாப்பூரில் அண்ணா வீட்டில் இருந்தேன். மவுண்ட் ரோடில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அண்ணாவும் மன்னியும் கெட்டவர்கள் இல்லை. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் நான் வீட்டுக்குள் நுழையும்போது யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். "சாப்பிடறியா?" என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. அலுவலகத்தில் அதுவும் இல்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு டுடோரியல் காலேஜின் மாடியில், நான் வாயைத் திறந்தால் நாலு பேர் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். அந்த வட்டத்துக்கு ஆறு வருஷமாக நான்தான் செயலாளர்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாதம் ஒரு கதைதான் எடுத்துக்கொள்வோம். எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது. கதைகளை என்னிடம் கொடுத்துவைப்பார்கள், நான் வரிசைப்படி எடுப்பேன். உங்கள் கதை இந்த மாதம் வருகிறது என்று எழுதியவருக்கு மட்டும் ஒரு கார்டு போடுவேன். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் முழுக் கதையையும் நானே என் கையால் நகல் எடுப்பேன். கூட்டத்தில் அதை வேறொருவர் படிப்பார். எழுதியவர் மற்றவர்களோடு உட்கார்ந்து, தன் கதையைக் கிழிப்பதையெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எல்லாரும் பேசி முடித்த பிறகு தலைவர், "எழுதியவர் எழுந்திருக்கலாம்" என்பார். அப்போதுதான் ஆள் எழுந்து நிற்பார். அந்த ஒரு நொடிக்காகவே அடையாற்றிலிருந்தும் கோடம்பாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள்.

ஆறு வருஷத்தில் எழுபதுக்கு மேல் கதைகளை நகல் எடுத்திருக்கிறேன். என் கதை ஒன்றுகூட வந்ததில்லை. நான் எழுதாமல் இல்லை. செயலாளரே தன் கதையை வரிசையில் செருகினால் நன்றாயிருக்காது என்று வைத்துக்கொண்டேன். என் கதை எப்போது வரும் என்று யாராவது கேட்பார்களா என்றும் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் இருபது பேர் வந்த இடம். பிறகு பன்னிரண்டு, எட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் சினிமா போட ஆரம்பித்ததும் சுத்தமாகப் படுத்துவிட்டது. ஒருவர், தன் மைத்துனர் வீட்டில் டிவி இருக்கிறது, இனி வர முடியாது என்று வெட்கமே இல்லாமல் எனக்குக் கடிதம் எழுதினார். வயிற்றெரிச்சலாக இருந்தது. கடைசியில் மூன்று பேர்தான் மிச்சம். நான், ரிட்டயரான எங்கள் தலைவர், அப்புறம் பனகல் பார்க் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் திருநெல்வேலிக்காரர். அவர் ஆதம்பாக்கத்தில் குடியிருந்தார். மழையானாலும் சரி, பண்டிகையானாலும் சரி, முதல் ஆளாக வந்து பெஞ்சைத் துடைத்து வைப்பார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

அவருடைய முறை அதற்கு முன்பே இரண்டு தடவை வந்திருந்தது. ஒரு தடவை யாரோ அவசரமாக ஊர் மாறிப் போகிறார் என்றார்கள். இன்னொரு தடவை இன்னொரு சாக்கு. இரண்டு தடவையும் நான் கேட்டேன். "எனக்கென்னக்கா, அடுத்த மாசம் வச்சிக்கிடுவோம்" என்று விட்டுக்கொடுத்தார். மூன்றாவது தடவை, அடுத்த கூட்டத்தில் கட்டாயம் உங்களுடையதுதான் என்று நான் வாயாலேயே சொல்லியிருந்தேன்.

நான் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் தலைவர் சொன்னார். "ஏம்மா, மூணு பேருக்கு எதுக்கு இந்த ரூமை அடைச்சிண்டு? அடுத்த மாசமும் இப்படித்தான்னா சாவியைக் குடுத்துடலாம்." நான் சரி என்றேன். கீழே இறங்கும்போது வாட்ச்மேன், "இன்னாம்மா, அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா? மேல ஆளே இல்லன்னு நெனச்சிக்கினு பூட்ட வந்தேன்" என்றான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது ஞாயிறு இல்லாத ஒரு மாதத்தை நினைத்துப் பார்த்தேன். அலுவலகம், பஸ், சமையலறை, படுக்கை, மறுபடி அலுவலகம். நான் செத்துப்போனால் பாலுக்கு ஒரு டம்ளர் குறைத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போது அந்த யோசனை வந்தது. வராமல் நின்றுபோன பதினான்கு பேருடைய கதைகளும் என்னிடம்தான் இருந்தன. பதினான்கு கார்டுகள் வாங்கி எல்லோருக்கும் ஒரே வரியை எழுதினேன். இந்த மாதக் கூட்டத்துக்குத் தங்கள் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறோம், வழக்கம்போல் ரகசியமாக வைத்துக்கொள்ளவும்.

ரகசியம் என்பதுதான் என் கெட்டிக்காரத்தனம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், எங்கள் வழக்கம் அப்படி. வந்துவிட்டால் போதும், பழைய முகங்களைப் பார்த்தால் பழைய ஆசை வந்துவிடும், அடுத்தடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்தால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். துணிக்கடைக்காரருக்குக் கார்டு போடவில்லை. அவர் எப்படியும் வருவார் என்று விட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். அத்தனை பேர் வரப்போகிறார்கள் என்றதும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. இந்த ஒரு தடவை என் கதை என்று முடிவு செய்தேன். துணிக்கடைக்காரர்தான் எப்போதும் விட்டுக்கொடுப்பவராயிற்றே. கேட்கக்கூட வேண்டாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கெல்லாம் மாடி நிரம்பிவிட்டது. அடையாற்று டாக்டர், ஸ்டூடியோவில் வசனம் எழுதுகிறவர், மைத்துனர் வீட்டு டிவிக்காரர் எல்லாரும் சலவைச் சட்டையில் வந்திருந்தார்கள். சிலர் மனைவியையும் கூட்டி வந்திருந்தார்கள். டாக்டர் ஒரு கோடி பெஞ்சில் உட்கார்ந்து, எதுவுமே தெரியாதவர் மாதிரி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு பேர் முகத்திலும் அதே பார்வை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாட்ச்மேன் பாதிப் படி ஏறி வந்து, "இன்னாம்மா, மேல கல்யாணம் கில்யாணம் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். தலைவர் என் தலையைத் தொட்டு, "சமத்துடி நீ" என்றார். ஆறு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

துணிக்கடைக்காரரும் மனைவியோடு வந்திருந்தார். அந்தப் பெண் கடைசி பெஞ்சில் தலை நிறையப் பூவோடு, கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனாலும் நகல் தாள்களை அவரிடமேதான் நீட்டினேன். எங்களில் அவர்தான் நன்றாகப் படிப்பார்.

எழுதியவரே படிப்பது எங்களிடம் கிடையாது. தாளைக் கையில் வாங்கின உடனேயே தன் கதை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அலுவலகம் விட்டு வீட்டுக்குப் போக மனமில்லாமல், பெசன்ட் நகர் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிற ஒருத்தியைப் பற்றிய கதை. அவர் ஒரு வரிகூட அவசரப்படாமல் படித்தார். என் வார்த்தைகளை இன்னொருவர் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

படித்து முடித்ததும் தலைவர், "பேசலாம்" என்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நன்னாயிருக்கு, அடுத்ததைப் படிக்கலாமே" என்றார். "ஆமா சார், அடுத்தது போலாம்" என்றார் வசனகர்த்தா. இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கூட்டம் பெரிதாக இருப்பதால் இன்றைக்கு இரண்டு மூன்று கதைகள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்தது தன்னுடையது என்று காத்திருந்தார்கள். திட்டவாவது திட்டுவார்கள் என்று பார்த்தேன். அதற்குக்கூட ஒருவருக்கும் நேரமில்லை.

"இன்னிக்கு ஒண்ணுதான்" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

முதலில் எழுந்தவர் டிவிக்காரர். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, "அப்ப இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். பக்கத்திலிருந்தவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அப்புறம் டாக்டர். ஐந்து நிமிஷத்தில் தலைவரின் மேஜை மேல் கார்டுகளாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. என் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் இரண்டு மூன்றைப் படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இப்படிப் பண்ணிட்டியே" என்றார். எழுதியவர் எழுந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

எல்லாரும் இறங்கிப் போனார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. துணிக்கடைக்காரரின் மனைவி கதவருகில் அவரிடம், "ஒங்க கதைய எப்பம் படிப்பாவ?" என்று மெதுவாகக் கேட்டாள். "வா, பஸ்ஸு போயிரும்" என்றார் அவர்.

அடுத்த மாதம் நான் ஒருத்திதான் போனேன். துணிக்கடைக்காரரும் வரவில்லை. தலைவர் சாவியை வாங்க மட்டும் வந்தார். வீடு திரும்பியபோது டிவி ஓடும் எதிர்வீட்டில் தெருவே கூடியிருந்தது, மன்னியும் அங்கேதான் இருந்தாள். நான் இருட்டில் விளக்கைப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் பொறுத்து, துணிக்கடைக்காரரின் கதையை எடுத்துக்கொண்டு பனகல் பார்க்குக்குப் போனேன். கடையில் ரவிக்கைத் துணிப் பகுதியில் நின்றிருந்தார். "வாங்கக்கா" என்றார், எப்போதும்போல. எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் ஊதா நிறத்தில் ஒன்று கேட்டேன். நாலைந்தை எடுத்துப் பிரித்துப் போட்டார். நான் துணியைப் பார்த்தபடியே, "அன்னிக்கு உங்க முறை. நான் செஞ்சது தப்பு" என்றேன்.

"தெரியும்க்கா. எழுதினது நீங்கன்னும் தெரியும்" என்றார். "நகல் எடுக்கையில நீங்க அடிச்சுத் திருத்தவே மாட்டிய. அதுல மூணு எடத்துல அடிச்சு எழுதியிருந்துச்சு." துணியை அளந்துகொண்டே சொன்னார். "அந்தப் பொம்பள, தெரிஞ்ச எடத்துக்கே கண்டக்டர்ட்ட வழி கேக்கால்லா, ரெண்டு வார்த்த பேசணும்னு. அந்த எடத்துல எனக்குத் தொண்ட அடைச்சிட்டு. சமாளிச்சு வாசிச்சேன்."

என்னால் நிமிர முடியவில்லை. கடை நடுவில் அழுதுவிடுவேன் போலிருந்தது. கைப்பையிலிருந்து அவருடைய கதையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அடுத்த மாதம் வேறு இடம் பார்க்கலாம், உங்களுடையதிலிருந்து ஆரம்பிக்கலாம், நாம் இரண்டு பேரானாலும் சரி என்று ஏதேதோ சொன்னேன்.

"வீட்ல அவளுக்கு வாசிச்சுக் காட்டிட்டேன்க்கா" என்றார். தாள்களை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். "ரெண்டு தடவ குடுத்தவன் மூணாந்தடவ குடுக்க மாட்டேனா? அந்தக் கதைக்கு நானே முன்னால நின்னு குடுத்திருப்பேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

துணியைக் கிழித்து, மடித்து, பில்லோடு என் பக்கம் நகர்த்தினார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்போடு என்னிடம், "வேற என்ன பாக்கணும்க்கா?" என்று கேட்டார்.